கிழங்கு சாப்பாட்டில் சேராது

வலது கண்ணில் புரை விழுந்து, எதிரே வருவது பஸ்ஸா பலா மரமா என்று தெரியாமல் போன பிறகும் மாதேஸ்வரன் கொல்லிமலை ரோட்டில் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். வளைவுகள் எல்லாம் மனப்பாடம், கண் எதற்கு என்பது அவருடைய வாதம். ஒருநாள் சோளக்காடு சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல்லுக்கு ஆரன் அடித்தார். அது நகரவில்லை என்று இறங்கிப் போய்த் திட்டினார். சந்தைக்கு வந்த சனம் முழுக்க அதைப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவர் மனைவி ருக்குமணி வண்டிச் சாவியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டாள்.

கீழே நாமக்கல்லில் கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். புரையை எடுப்பது சின்ன வேலை, ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது கண்ணில் கை வைக்க மாட்டேன், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். மாதேஸ்வரனுக்குச் சர்க்கரை இருப்பது அதுவரை மாதேஸ்வரனுக்கே தெரியாது. உடம்பில் அத்தனை சர்க்கரையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் டீக்குத் தனியாக வாங்கிப் போட்டோம் என்று அவர் கேட்டதை டாக்டர் ரசிக்கவில்லை.

மலைமேல் வளப்பூர் நாட்டுப் பக்கம் விளையும் மரவள்ளிக் கிழங்கை மூட்டை மூட்டையாக ஏற்றி, மலையிறக்கி, ஜவ்வரிசி ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அந்த வண்டியின் தொழில், அவருடைய தொழிலும் அதுதான். இப்போதைக்கு ருக்குமணியின் தம்பி சின்னராசு ஓட்டினான். அவன் ஓட்டுகிற அழகுக்கு, ஒவ்வொரு நடைக்கும் வண்டியில் ஒரு புதுக் கீறல் சேர்ந்தது. வண்டி திரும்பி வந்ததும் மாதேஸ்வரன் கிட்டே போய், தெரியாத கண்ணுக்கும் சேர்த்து விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு வீட்டுக்குள் வருவார். ருக்குமணிக்கு அந்தத் தடவலைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்த பலா சீசன் முடிவதற்குள் கண் சரியாகாவிட்டால் வண்டியைச் சின்னராசுவுக்கே கொடுத்துவிடுவது என்று பேசியிருந்தார்கள். சின்னராசு இப்போதே முன் கண்ணாடியில் தன் பெயரை எழுதுவதற்கு ஸ்டிக்கர்க்காரனிடம் விசாரித்துவிட்டான்.

இந்த இக்கட்டில்தான் மகள் தேன்மொழி கைகொடுத்தாள். அவள் நாமக்கல்லில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். கடையில் இருக்கும் அத்தனை போன்களின் வழியாகவும் உலகத்து வைத்தியம் முழுவதையும் கற்றுத் தேர்ந்திருந்தாள். ஒரு ஓவனை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கூடவே வாட்ஸப்பில் ஒரு வீடியோ. அதில் ஒரு அம்மா, ருக்குமணியின் வீட்டைவிடப் பெரிய அடுப்படியில் நின்றுகொண்டு, கோழிக்கறியை உருண்டை பிடித்துக்கொண்டே ஓயாமல் சிரித்தாள்.

"அம்மா, இதுக்குப் பேரு லோ கார்ப்" என்றாள் தேன்மொழி போனில். "அரிசி கூடாது, கோதுமை கூடாது, மைதா கூடாது, சக்கரை கூடவே கூடாது. கறியக் கொத்தி உருண்டை புடிச்சு ஓவன்ல வெச்சாப் போதும். எண்ணெயிலகூடப் பொரிக்க வேணாம்."

"சோறுங்கற பேச்சே இல்லியா கண்ணு?"

"இல்லம்மா."

"உங்கப்பன் உசுரோட இருப்பாரா?"

"இருக்கறதுக்குத்தாம்மா இது."

வீடியோவை நாலைந்து முறை பார்த்த பிறகு ருக்குமணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. உருண்டை உதிராமல் இருக்க அந்த அம்மா பாதாம் மாவு போட்டாள். பாதாமை மாவாக்கிக் கோழிக்கறியில் பிசைகிற அளவுக்கு ருக்குமணிக்கு இன்னும் பைத்தியம் முற்றவில்லை. மறுபடியும் மகளுக்கு போன் போட்டாள். தேன்மொழி கடையில் யாருக்கோ சிம் கார்டு போட்டுக்கொண்டிருந்தாள். "அரிசி, மைதா இல்லாத மாவு எதுன்னாலும் போடும்மா, வெக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மலையில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி சாப்பாட்டில் சேராது. அது காட்டில் விளையும், லாரியில் போகும், விருந்தாளி வந்தால் சோறு வேகும் வரைக்கும் அவர் முன்னால் தட்டில் கிடக்கும், அழுகிற குழந்தையின் கையில் இருக்கும். ஒரு தட்டுக் கிழங்கைத் தின்று ஏப்பம் விட்டவரை வழியில் நிறுத்திச் சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். "எங்கீங்க, வெறும் கெழங்குதான்" என்பார், முகத்தில் பசியோடு. கேட்டவரும் ஐயோ பாவம் என்று கூட்டிப்போய் இலை போடுவார். நாமக்கல் போய்ப் பெரிய ஆளாகிவிட்ட தேன்மொழிக்கும் பிறந்த மண்ணின் புத்தி போகவில்லை. கூடாதவற்றை வரிசையாக ஒப்பித்தாளே, அதில் கிழங்கு உண்டா?

ஆகவே ருக்குமணி, மனசாட்சி துளியும் உறுத்தாமல், கிழங்கு மாவு டப்பாவை எடுத்து வைத்தாள். சொந்தக் காட்டுக் கிழங்கு, காயவைத்து மில்லில் அரைத்தது. தன் வேளைக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துவைத்துக்கொண்டு, அரிசிப் பானையைக் கூரையடி அட்டாலிக்கு ஏற்றினாள். வண்டிச் சாவி பானையைவிட்டு அவள் இடுப்புக்கு மாறியது.

சோளக்காட்டில் மணிவண்ணனின் கறிக்கடையில் எலும்பில்லாமல் பொடிப்பொடியாகக் கொத்தித் தரச் சொன்னாள்.

"ஊட்டுல பல்லுப் போனவங்க யாராச்சும் இருக்கறாங்களாக்கா?" என்றான் மணிவண்ணன்.

"கண்ணுப் போனவரு இருக்கறாரு."

கண்ணுக்கும் கொத்துக்கறிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே அவன் கொத்தினான்.

வீட்டில் கறியை மிக்சியில் ஒரு சுற்று விட்டாள். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லித் தழை, தன் கொடியிலேயே பறித்த மிளகு, ஒரு முட்டை. கை முழுக்க ஒட்டியது. கிழங்கு மாவு ரெண்டு கை அள்ளிப் போட்டதும் சொன்ன பேச்சுக் கேட்டது. வீடியோவில் ஓவன் தட்டில் ஏதோ காகிதம் விரித்தார்கள். ருக்குமணி வாழை இலையை விரித்தாள். ஓவனைப் போட்டதும் வீட்டில் இருந்த குண்டு பல்புகள் எல்லாம் மங்கின, டிவியில் செய்தி வாசித்தவர் சுருங்கி மறைந்தார், கொஞ்ச நேரத்தில் கரண்டே போய்விட்டது. அது திரும்பி வந்து, இலை கருகி, வீடெல்லாம் புகைந்து, ஒருவழியாக உருண்டைகள் வெளியே வந்தபோது சாயங்காலமாகிவிட்டது.

மாதேஸ்வரன் ஒன்றைக் கடித்தார். கொஞ்ச நேரம் மென்றார். "நல்லா இருக்குது. சோறு எப்போ?"

"சோறு இல்லீங்க. இதான் சோறு."

உருண்டைகளுக்கு அடியில் எங்காவது ஒரு கைப்பிடி சோறு ஒளிந்திருக்கிறதா என்று, தெரிகிற கண்ணைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மறுபேச்சு இல்லாமல் எல்லாவற்றையும் தின்று முடித்தார்.

அதுதான் ஆச்சரியம். ஆயுசில் எதற்கும் அடங்காத மனிதர் இந்த உருண்டைக்கு அடங்கினார். காலையில் உருண்டை, மத்தியானம் உருண்டை, ராத்திரியும் அதுவே. டீக்குச் சர்க்கரை கேட்கவில்லை. பந்திக்குப் போனால் மொய் எழுதிவிட்டு மோர் குடித்து வந்தார். ருக்குமணியும் கைப்பக்குவத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். முதலில் செய்தவை கல்லாக இருந்தன, மாவைக் கொஞ்சம் கூட்டினாள், மெத்தென்று வந்தது. இன்னும் கூட்டினாள், இன்னும் மெத்தென்று வந்தது. தினமும் சோளக்காடு போய்க் கறி வாங்கவும் முடியவில்லை. ஒரு கட்டத்தில் கோழி பேருக்குத்தான் இருந்தது.

"இதத் தின்னா வயிறு ரொம்பிருதுடி ருக்கு. சோத்து நெனப்பே வர்றதில்ல" என்றார் மாதேஸ்வரன். ருக்குமணி பூரித்துப்போய் இதை மகளிடம் சொன்னாள். தேன்மொழி உருண்டைப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு, மூன்று கும்பிடும் நெருப்பும் வைத்தாள்.

அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது.

நாமக்கல் கண் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த நர்ஸ் கோகிலா ருக்குமணியைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா வெளியில ஏதாச்சும் திங்கறாரான்னு பாருங்கம்மா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு மலையேறிய ருக்குமணி வீட்டுக்கு வந்ததும் போலீஸாகிவிட்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு தீபாவளிக்கு வண்டியின் டூல்ஸ் பெட்டியில், ஸ்பானர்களுக்கு நடுவில் அதிரசம் ஒளித்துவைத்த மனிதர் அவர். கிரீஸ் நாற்றத்தோடு அதை ரசித்துத் தின்றவர். ருக்குமணி டூல்ஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள். துண்டை மோந்தாள். அவர் தூங்கும்போது வாயை மோந்தாள். பலாப்பிசின் இருக்கிறதா என்று விரலைத் தடவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவர் கைதேர்ந்துவிட்டதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டாள்.

பக்கத்துக் காட்டுப் பாப்பாத்தி வீட்டுப் பலா, வளப்பூர் நாட்டிலேயே பேர் போனது. ருக்குமணி நேராக அங்கே போனாள்.

"வந்தாரு, உக்காந்தாரு" என்றாள் பாப்பாத்தி. "சொளை எடுத்து வெச்சேன். வேணாம் தாயின்னு கும்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு."

இதைக் கேட்டதும் ருக்குமணிக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. பாப்பாத்தி வீட்டுச் சுளையை வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போகிற ஆண்பிள்ளை இந்த மலையில் இன்னும் பிறக்கவில்லை. இருவரும் கூட்டு.

அன்றைக்கு மத்தியானம் அவள் சண்டை பிடித்தாள். கண்ணைப் பற்றி அக்கறை இருக்கிறதா, வண்டியைப் பற்றி இருக்கிறதா, இல்லை நாக்கைப் பற்றி மட்டும்தான் இருக்கிறதா என்று கேட்டாள். நான் எதையும் தின்னவில்லை என்று அவர் சொன்னார். உண்மையைச் சொல்கிற வரைக்கும் எனக்கும் சோறு வேண்டாம் என்று அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். உண்ணாவிரதத்துக்கு நடுவில் ரெண்டு வேகவைத்த கிழங்கு மட்டும் தின்றாள், அது சேராது. ஆனால் அழுகை நிஜம். கண் தெரியாமல் இந்த மனிதர் வண்டியைத் தடவிக்கொண்டே கிழவனாகிவிடுவார் என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. அதைச் சொல்லத் தெரியாமல் திட்டிக்கொண்டே அழுதாள்.

சாயங்காலம் மாதேஸ்வரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆமா ருக்கு. தின்னேன்."

"எங்க?"

"பாப்பாத்தி ஊட்டுல. நாலு சொளை."

"அதயேன் அப்பவே சொல்லல?"

"தப்புதான். இனிமே திங்க மாட்டேன். எந்திரிச்சு சோறு தின்னு சாமி."

அவள் எழுந்து முகம் கழுவினாள். ஜெயித்த சோறு தனி ருசிதான், ரெண்டு தடவை போட்டுக்கொண்டாள். மறுநாளே சங்கதி குழாயடிக்கும், அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்கும் ரேஷன் கடைக்கும் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவள் ருக்குமணிதான், ஊர் நாலு கண்ணாகப் பார்த்துக்கொண்டால் அவருக்கு நல்லது என்று. அதற்குப் பிறகு எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்னங்க, சொளை கெடச்சுதா?" என்று கேட்டார்கள். மாதேஸ்வரன் சிரித்துக்கொண்டே போனார். இங்கே வீட்டில், வெளியே வாய் போகாமல் இருக்கட்டும் என்று ருக்குமணி உருண்டையின் எண்ணிக்கையையும் அளவையும் கூட்டினாள்.

நாமக்கல்லில் அடுத்த முறை டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இப்படியே போனால் புரையை விடுங்கள், கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பே போய்விடும் என்றார். மாதேஸ்வரன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் சொல்றனுங்க டாக்டர்" என்று ருக்குமணி முன்னால் வந்தாள். "பலாப்பழம் தின்னுட்டாருங்க. அவரே ஒத்துக்கிட்டாரு. ஊட்டுல நான் எந்தக் கொறையும் வெக்கலீங்க. அரிசிய மூட்ட கட்டி அட்டாலியில போட்டுட்டேன். வேணும்னா நீங்களே பாருங்க." அவள் டாக்டருக்கென்றே ஒரு டப்பா நிறைய உருண்டை கொண்டுவந்திருந்தாள். திறந்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் தொடவில்லை. கோகிலா ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டாள். "நல்லா மெத்துனு இருக்குதேம்மா. எங்க ஊட்டுல பண்ணினா உதிர்ந்து போவுது. என்ன போட்டுப் புடிக்கறீங்க?"

"கெழங்கு மாவுங்க" என்றாள் ருக்குமணி பெருமையாக. "பாதிக்குப் பாதி. ஒரு பொட்டு அரிசி இல்லீங்க."

கோகிலாவின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. டாக்டர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து ஓர் உருண்டையை இரண்டாகப் பிளந்து பார்த்தார்.

"எத்தன நாளாம்மா இது நடக்குது?"

"மொதல்லருந்தேங்க. மூணு வேளையும்."

"அம்மா, கிழங்கு முழுக்க மாவுச்சத்து. இதுக்குப் பேசாம சோறே போட்டிருக்கலாம்."

"கெழங்கு சாப்பாடு இல்லீங்களே டாக்டர்."

"அது உங்களுக்குத் தெரியும். அவரு ரத்தத்துக்குத் தெரியாதில்ல."

மாவை விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வாருங்கள், இன்னும் ஒன்றும் கைமீறிவிடவில்லை என்றார் டாக்டர். அதெல்லாம் ருக்குமணியின் காதில் பாதிதான் விழுந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் புருஷனைப் பார்த்தாள்.

"அப்பொ அந்த நாலு சொளை?"

மாதேஸ்வரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "திங்கல."

"அப்பறம் ஏன் தின்னேன்னு சொன்னீங்க?"

"ரெண்டு நாளா நீ சோறு திங்கலியே. அழுதுட்டே இருந்த. தின்னேன்னு சொன்னா எந்திரிப்பேன்னு பட்டுது, சொல்லிட்டேன்."

ருக்குமணிக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். வாழ்நாளில் முதன்முறையாக மனுஷன் நேர்மையாக இருந்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து அவள் திருடன் பட்டம் கட்டி ஊரைக் கூட்டியிருக்கிறாள். ரெண்டு கிழங்கு தின்ற உண்ணாவிரதத்தை நினைத்தபோது அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிடும் போலிருந்தது. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக இதைச் சரிசெய்ய வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டாள்.

அதற்கு ஊர் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பஸ் மலை ஏறத் தொடங்கியதுமே முன் சீட்டிலிருந்து பொங்கியண்ணன் திரும்பினார். அவர் அடிவாரத்தில் வாழைத் தோப்பு வைத்திருப்பவர், மலைமேல் பெண் கொடுத்த வகையில் பாதி மலைக்கு உறவு.

"என்ன மாதேஸ்வரா, சொளை இன்னும் எறங்கலியாட்ட இருக்குது?"

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். மாதேஸ்வரனும் வழக்கம்போலச் சிரித்தார். ருக்குமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பஸ் வளைவில் திரும்பியது, அவளும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவரு பலாப்பழம் திங்கல. நான்தான் உருண்டையில கெழங்கு மாவு போட்டேன். அதான் சக்கரை ஏறிப்போச்சு. தப்பு என்னோடது."

பின் சீட்டிலிருந்து ஊர்க் கிழவி பொன்னம்மாள், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"கெழங்கா? கெழங்கு தின்னா எப்பிடிச் சக்கரை ஏறும் கண்ணு? அது சாப்பாடே இல்லியே."

"அதானே" என்றார் பொங்கியண்ணன்.

"டாக்டரே சொன்னாருங்க."

"டாக்டர் கெழங்கு நட்டுருக்கறாரா?" என்றார் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே.

ருக்குமணி திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் உயர்ந்தது. பொன்னம்மாள் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "புரியுது சாமி. கட்டுனவன உட்டுக் குடுக்க மனசு வரல. பொம்பளைன்னா இப்பிடித்தான் இருக்கோணும்" என்றாள். பஸ் முழுக்க அவளைப் பாசத்தோடு பார்த்தது. நடந்ததை நடந்தபடி சொல்லியும் ஒருவர்கூட நம்பவில்லை. தான் எதையும் தின்னவில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னபோது அவருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"உடு ருக்கு" என்றார் மாதேஸ்வரன் மெதுவாக.

அதற்குப் பிறகு உருண்டைகள் மாவில்லாமல் வந்தன. உருண்டை என்பது மரியாதைக்குத்தான், ஓவனைத் திறந்தால் உதிரியாகக் கிடக்கும். மாதேஸ்வரன் அதை விரலால் கூட்டிக் கூட்டித் தின்றார், குறை சொல்லவில்லை. சர்க்கரை இறங்கியது. ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது ருக்குமணியை, அடுத்துப் பார்த்தது வண்டியின் கீறல்களை. சின்னராசு ஸ்டிக்கர்க்காரனிடம் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போய்விட்டான்.

ஊர் தன் தீர்ப்பை மாற்றவில்லை. பலாப்பழத்தை விட்டார், சர்க்கரை இறங்கிவிட்டது, கண்ணெதிரே சாட்சி என்று பேசிக்கொண்டார்கள். வேறு சில சர்க்கரைக்காரர்களும் அதைப் பார்த்துப் பலாப்பழத்தை நிறுத்திவிட்டுக் கிழங்குக்கு மாறினார்கள்.

முதல் லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்ட காலையில் ருக்குமணி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாப்பாத்தி காடு வந்தது. சீசனின் கடைசிப் பழத்தை வாசலில் அறுத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, வண்டியைப் பார்த்ததும் அவசரமாகச் சாக்கை இழுத்து அதன்மேல் மூடினாள்.

"கண்ணு நல்லாத் தெரியுது ருக்கு" என்றார் மாதேஸ்வரன். "அந்தம்மா பழத்த மறைக்கறது இங்கிருந்தே தெரியுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ருக்குமணியால் சிரிக்க முடியவில்லை.

"வண்டிய நிறுத்துங்க."

இறங்கிப் போனாள். "ஒரு சொளை குடுங்கக்கா, அவருக்குத்தான்" என்றாள். பாப்பாத்தி வண்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ருக்குமணி தானே சாக்கை விலக்கி ஒரு சுளையை எடுத்தாள். கொட்டையை எடுத்துவிட்டு இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை வண்டி ஜன்னல் வழியாக அவர் வாயில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"நாலுன்னு ஒத்துக்கிட்டேன்" என்றார் பிறகு. "அர வந்துருக்குது. பாக்கி மூணர."

"டாக்டரக் கேட்டுட்டுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். கடனைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மாதேஸ்வரன் கியரைப் போட்டார். வண்டி கிழங்கு மூட்டைகளோடு வளைவில் இறங்கியது.